பஸிலியோ இபார்ராவின் கைராசி

பஸிலியோ இபார்ராவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவருடைய ரத்தம்தான்.

அதற்கு முன் அதே ரத்தம் மூன்று வேலைகளைக் கெடுத்திருந்தது. இறைச்சி ஆலையில் சேரப் போனபோது கையில் ஊசி குத்தினார்கள். நான்காம் நாள் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். ரயில்வேயிலும் அப்படித்தான், துறைமுகத்திலும் அப்படித்தான். வடக்கே சாந்தியாகோ தெல் எஸ்தெரோ மாகாணத்தின் மண் வீடுகளிலிருந்து புவனோஸ் ஐரிஸுக்கு வருகிறவன் ரத்தத்தில் என்ன இருக்கும் என்பது ஆலை மருத்துவர்களுக்குப் பார்க்காமலே தெரியும். சுவர் வெடிப்பில் வின்சுக்காப் பூச்சி இருக்கும். அது தூங்குகிற பிள்ளையைக் கடித்துவிட்டுப் போகும். உள்ளே புகுந்த சாகாஸ் ஒட்டுண்ணி முப்பது, நாற்பது வருஷம் பேசாமல் இருந்து இதயத்தைத் தின்னும். எல்லோருக்கும் அல்ல, மூன்று பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவர் யார் என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆலைகளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. மூன்று பேரையும் அனுப்பிவிட்டால் முடிந்தது.

1971-ல் ஒருவர் சொன்னார்: அந்த ஒட்டுண்ணியையே ஆராய்கிற நிறுவனம் ஒன்று இருக்கிறது, தங்கள் பரிசோதனை சரிதானா என்று பார்க்க அவர்களுக்கு நிச்சயமாக நோயுள்ள ரத்தம் வேண்டுமாம். பஸிலியோ போய்க் கையை நீட்டினார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. ரத்தம் எடுத்தவர் மிர்தா ரொஸெத்தி என்ற இளம் ஆய்வாளர். மறுநாள் முடிவுத்தாளோடு அவரே வெளியே வந்தார்.

"அருமையான ரத்தம்ங்க. இவ்வளவு தெளிவான பாசிட்டிவ் நான் பார்த்ததே இல்ல."

"அப்ப வேலை குடுங்க டாக்டரம்மா."

மிர்தா சிரித்துவிட்டார். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடிச் சாமான் கழுவும் அறையில் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். "எங்கயும் விலை போகாத ரத்தம். இங்க மட்டும்தான் அதுக்கு மரியாதை" என்று, புதிதாக யார் சேர்ந்தாலும் பஸிலியோ சொல்வார். முப்பது வருஷத்துக்கு மேல் சொன்னார்.

அந்த மூவரில் ஒருவர் அவராகத்தான் இருந்தார். 2004 ஆகஸ்டில் இதயம் நின்றது. வயது ஐம்பத்தாறு. ஆனால் இங்கே சொல்ல வேண்டியது 1998-ன் குளிர்காலத்தைப் பற்றி.

இருபத்திரண்டு வருஷம் அவர் குடுவை கழுவினார். பிறகுதான் படிகம் வந்தது. டாக்டர் மிர்தா இப்போது ஆய்வகத்தின் தலைவி. ஒட்டுண்ணியின் நொதி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வருஷமாக விடாமல் நின்றார். ஒட்டுண்ணி நம் உடம்பின் காவலிலிருந்து தப்ப ஒரு சர்க்கரையை மேலே போர்த்திக்கொள்கிறது. அந்தச் சர்க்கரையை அதற்குச் செய்யத் தெரியாது. நம் செல்களிலிருந்து திருடித் தன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் திருட்டைச் செய்கிற கை இந்த நொதி. அது எப்படித் திருடுகிறது என்று தெரிந்தால் தடுக்க வழி பிறக்கும். தெரிய வேண்டுமானால் அதன் உருவத்தைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் படிகம் வளர்த்து எக்ஸ்ரேயில் வைக்க வேண்டும்.

படிகம்தான் வளரவில்லை. மெல்லிய கண்ணாடி வில்லையில் கண்ணீர்த்துளியிலும் சிறிய துளியை வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, குழியின் மேல் மூடி, குளிர் அறையில் காத்திருப்பார்கள். மூன்று ஆய்வாளர்கள் ஒன்றரை வருஷம் காத்திருந்தார்கள். வந்தது மணல் போன்ற பொடி, இல்லாவிட்டால் பாலாடை போன்ற ஏடு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அலுத்துப்போய்த் துளி வைக்கும் வேலையைப் பஸிலியோவிடம் தள்ளினார்கள். அவர் கை நடுங்காது என்பது மட்டும்தான் காரணம். மூன்றாம் வாரம், தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, விளிம்பு வெட்டினாற்போல் ஒரு படிகம் இருந்தது. அடுத்த தட்டில் ஏழு.

நொதியைத் தூய்மை செய்து கொடுப்பவன் ஓஸ்வால்தோ. ஆய்வகமே அவனைக் குண்டன் என்றுதான் கூப்பிடும். அவன் பொறுக்கமாட்டாமல் வந்தான்.

"பெரிசு, அதே புரதம், அதே பாட்டில், அதே குளிர் ரூம். எனக்கு மணலு, உங்களுக்கு வைரமா? என்ன மந்திரம் போடுறீங்க?"

"உன் கையைப் பார்த்தா துளி பயந்துக்குதுடா குண்டா."

"அதெல்லாம் இல்ல. சாந்தியாகோக்காரங்க மத்தியானமானா தூங்கப் போயிடுவீங்க. தொந்தரவு இல்லாம அதுபாட்டுக்கு வளருது."

"சரிதான். நீ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற. எட்டிப் பார்த்தா எதுடா வளரும்? உன் காதலே வளரல."

அதிலிருந்து அது அவருடைய கைராசி என்றாகிவிட்டது. மொந்தெவிதேயோவிலும் ரியோவிலும் இருந்த ஆய்வகங்கள் செய்முறையை வாங்கிப் போய் முயன்று, ஒன்றும் வராமல் எழுதிக் கேட்டன. "செய்முறையை அனுப்பிட்டேன், கையை அனுப்ப முடியலையே" என்று டாக்டர் மிர்தா பதில் போட்டார். வெளிநாட்டு விருந்தாளிகளைக் கழுவும் அறைக்கு அழைத்து வந்து, "இவர்தான்" என்று காட்டுவார். பஸிலியோ கையைத் துடைத்துக்கொண்டு நீட்டுவார். ஆறாம் வகுப்போடு நின்றவர். அந்தக் கைதான் அவருக்குப் பட்டம். அதை அவர் வெளியே சொன்னதில்லை, ஆனால் குளிர் அறைக்குள் போகும்போது அவர் நடையே வேறாக இருக்கும்.

மகள் நேலிதா வேதியியல் படித்து, அதே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். எக்ஸ்ரே தருகிற ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கணக்கிட்டு நொதியின் உருவமாக்குவது அவள் வேலை. ஆய்வகத்தில் அவர் அவளுக்கு, மற்றவர்களுக்குப் போலவே, மரியாதையாக "டான் பஸிலியோ". மாலையில் 37-ம் நம்பர் பஸ்ஸில் லானூஸுக்குத் திரும்பும்போதுதான் "அப்பா".

1998 ஜூலையில், அந்தக் குளிர்காலத்தின் நடுவில், எல்லாம் கனிந்து வந்த மாதிரி இருந்தது. நாற்பத்தொன்று என்று எண் போட்ட ஒரு மருந்துப் பொருளை டாக்டர் மிர்தா மூன்று வருஷமாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். நொதியின் வாயில் அது போய் அடைத்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. பஸிலியோவின் படிகங்களை நாற்பத்தொன்றில் ஊறவைத்து, பிரேசிலில் கம்பினாஸிலுள்ள பெரிய எக்ஸ்ரே வளையத்துக்கு எடுத்துப்போய்ப் படம் பிடித்து வந்தார்கள். நொதியின் வாய்க்குள் ஏதோ இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் நீல வலையாக ஒரு கட்டி.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கட்டிதான் பேச்சு. மேஜையில் இனிப்பு ரொட்டித் தட்டு. மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் கிண்ணம் கைமாறி வந்துகொண்டிருந்தது. சுடுநீர் ஊற்றிக் கொடுப்பது எப்போதும் பஸிலியோ.

"நாற்பத்தொண்ணு உட்கார்ந்திருக்கு. தெரியுதில்ல?" என்றார் டாக்டர் மிர்தா.

"பாதிதான் தெரியுது டாக்டர். நாற்பத்தொண்ணுக்கு நீளமா ஒரு வால் இருக்கு. அது எங்க?" என்றாள் நேலிதா.

"வால் ஆடிக்கிட்டே இருக்கும். அதான் படத்துல விழல."

"சரி, வாலை விடுங்க. இந்தக் கட்டிக்கு மூணு கை இருக்கு. நாற்பத்தொண்ணுக்கு ரெண்டுதான்."

"மருந்து போடாத படிகத்துல என்ன இருந்துச்சு?"

"அது பழைய படம், மங்கல். ஏதோ இருந்துச்சு. தண்ணின்னு எழுதி வச்சிட்டோம்."

"தண்ணின்னா தண்ணிதான். அப்புறம் என்ன? எழுதிடலாம்."

நேலிதா விடவில்லை. "எனக்கு இது எதைப் போல இருக்குன்னா, சிட்ரிக் அமிலம். எலுமிச்சம்பழத்துல இருக்கிற புளிப்பு. அச்சா பொருந்துது. ஆனா நம்ம பாட்டில் ஒண்ணுலயும் அது கிடையாது. எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

"பின்ன வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?" என்றான் ஓஸ்வால்தோ.

எல்லோரும் சிரித்தார்கள். பஸிலியோ ஊற்றிய சுடுநீர் கிண்ணத்தை மீறி வழிந்து மேஜையில் ஓடியது. "பெரிசு, கை நடுங்குது பாருங்க! உலகம் அழியப் போகுது" என்றான் குண்டன்.

மாதக் கடைசியில் கட்டுரையை அனுப்புவதாக முடிவு. நேலிதா வேண்டுமானால் அதற்குள் வேறு விளக்கம் கொண்டுவரட்டும் என்றார் டாக்டர் மிர்தா. குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது.

பஸிலியோவுக்கு விளக்கம் தெரியும். கழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

புது வில்லைகள் கப்பலில் வர வேண்டும். பெட்டி வந்ததும் ஆய்வாளர்களுக்குக் கொடுத்துவிடுவார். அவர் புதிது தொட்டதில்லை. மற்றவர்கள் ஒருமுறை வைத்துவிட்டுத் தூக்கிப்போட்ட வில்லைகளைப் பொறுக்கிக் கழுவி ஒரு தகர டப்பாவில் வைத்துக்கொண்டு, தம் தட்டுகளுக்கு அவற்றையே பயன்படுத்தினார். அது ஐந்து வருஷம் முன்னால், தண்ணீர் வடிக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடந்த காலம். குழாய்த் தண்ணீரில் அலசினால் கண்ணாடியில் வெள்ளைப் பூப்பூத்தது. லானூஸ் வீட்டு முற்றத்து எலுமிச்சை மரத்திலிருந்து ஒரு பழம் கொண்டுவந்து, கடைசி அலசலில் பாதியைப் பிழிந்தார். பூ போய்விட்டது. துணியில் பரப்பிக் காயவைத்தார். பிறகு இயந்திரம் சரியாயிற்று. படிகம் வர ஆரம்பித்திருந்ததால் அவர் எதையும் மாற்றவில்லை. பழக்கத்தில் பிழிந்துகொண்டே இருந்தார். நோட்டில் "வில்லை" என்று மட்டும் எழுதினார். எலுமிச்சையை எந்த நோட்டில் எழுதுவார்கள்?

காய்ந்த புளிப்பு கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கும். துளி விழுந்ததும் கரையும்.

அன்று பஸ்ஸில் நேலிதா பேசிக்கொண்டே வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"அப்பா, டாக்டரம்மா சொல்றபடியே கையெழுத்துப் போட்டுடட்டுமா? என் படிப்பும் முடியும்."

"உனக்கு நம்பிக்கை இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்குக் கேட்கிற?"

"நீங்க 'போடு'ன்னு சொன்னா மனசு கொஞ்சம் லேசாகுமேன்னுதான்."

அவர் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

அவர் மனதில் ஓடியது இதுதான். சொன்னால் கைராசி போய்விடும். ஐந்து வருஷமாக உலகத்துக்குக் காட்டிய கை, எலுமிச்சை பிழிந்த கை. டாக்டரம்மாவின் மூன்று வருஷ உழைப்பு விழும். மகளின் படிப்பு தள்ளிப்போகும். சொல்லாவிட்டால் நாற்பத்தொன்று நொதியின் வாயை அடைக்கிறது என்று அச்சாகும். அதை நம்பி அங்கங்கே ஆட்கள் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று மருந்து செய்வார்கள். எல்லாம் பொய்யான பூட்டுக்குச் சாவி. அந்த மருந்து யாருக்காக என்பதும் அவருக்குத் தெரியும். படியேறும்போது அவர் நெஞ்சு தட்டுத்தடுமாற ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஆனாலும் அவருக்கு ஒரு நப்பாசை. எலுமிச்சை இருந்தாலும் கையும் இருக்கலாம் அல்லவா? அதை அறிய ஒரே வழிதான். திங்கட்கிழமை காலை ஓஸ்வால்தோவிடம் புது நொதி கேட்டு வாங்கினார்.

"கம்பினாஸுக்கு அடுத்த தேதி வரவே இல்லையே, எதுக்கு இப்ப?"

"சும்மா. கை துருப்பிடிச்சிடக் கூடாதுல்ல."

மூன்று தட்டுகள் வைத்தார். முதலாவதில் எலுமிச்சை அலசிய பழைய வில்லை. இரண்டாவதில் அதே பழைய வில்லை, வடிநீரில் பத்துத் தடவை அலசியது. மூன்றாவதில் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெட்டி பிரித்த புது வில்லை. ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு துளி. அதே நொதி, அதே காலை, அதே கை. இரண்டாவதையும் மூன்றாவதையும் வைக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வைத்தார். இவ்வளவு கவனமாக அவர் எப்போதும் வைத்ததில்லை.

ஒன்பது நாள். எட்டிப் பார்க்கவில்லை. புதன்கிழமை உணவு இடைவேளையில் எல்லோரும் கீழே போனபிறகு நுண்ணோக்கியில் வைத்தார்.

முதல் தட்டில் பதினேழு துளிகளில் படிகம்.

இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதை அவர் இரண்டு தடவை பார்த்தார். துளி துளியாக நகர்த்தி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, ஓரங்களில் தேடினார். இருபத்து நான்கு துளிகளும் தெளிந்த தண்ணீராக இருந்தன. குண்டனுக்கு வருமே, அந்த மணல்கூட இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தார். குடுவை கழுவுகிற கைகள்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நோட்டை எடுத்து, மூன்று தட்டுகளின் எண்ணிக்கையையும் தேதியோடு எழுதினார். "வில்லை" என்பதற்கு எதிரே, "எலுமிச்சைச் சாறு, அரைப் பழம், ஒரு பேசின் தண்ணீருக்கு" என்று எழுதினார்.

மறுநாள் வியாழன். மாத்தே சுற்றுக்கு முன்பே அவர் தட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நோட்டைப் பிரித்து டாக்டர் மிர்தாவின் பக்கம் தள்ளினார்.

"அந்தப் புளிப்பு நான் போட்டது டாக்டரம்மா."

யாருக்கும் புரியவில்லை. அவர் பழுதான இயந்திரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். சொல்லும்போது நேலிதாவைப் பார்க்கவில்லை.

டாக்டர் மிர்தா நோட்டைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சு வருஷம்."

"ஆமா."

"மொந்தெவிதேயோக்காரங்க என்னை எப்படியெல்லாம் திட்டி எழுதினாங்க தெரியுமா? முழு ரெசிபியையும் தராம மறைக்கிறேன்னு. நான் சத்தியம் பண்ணினேன், பஸிலியோ. அம்மா மேல சத்தியம் பண்ணினேன்."

"தெரியாமத்தான்..."

"நோட்டுல எழுதாதது தப்பு."

"தப்புதான்."

"மூணு வருஷம் நாற்பத்தொண்ணுக்கு." அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். சிகரெட்டை எடுத்து, பற்றவைக்காமல் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். பிறகு திரும்பிக் கேட்டார்: "பத்துத் தடவை அலசின பழைய வில்லையில ஒண்ணுகூட வரலையா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அந்தத் தட்டை வைக்கணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல. கண்ணாடி பழசுங்கிறதுனால வருதோன்னு ஒரு சந்தேகம். அதையும் தீர்த்துக்கணும்ல."

டாக்டர் மிர்தா மேஜையைச் சுற்றி எல்லோரையும் பார்த்தார். "முனைவர் பட்டம் வாங்கின மூணு பேர் இங்க உட்கார்ந்திருக்கோம். மருந்து போடாத படிகத்தை ஒழுங்காத் திரும்பப் படம் பிடிக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல." வந்து உட்கார்ந்தார். "நேலிதா, அந்தப் படத்தைப் போடு. நாற்பத்தொண்ணை எடுத்துடு. எலுமிச்சையை வை."

நேலிதா வைத்தாள். நீல வலைக்குள் அது கையுறைக்குள் கை போலப் போய் உட்கார்ந்தது. மூன்று கையும் மூன்று மூலைக்கு.

"இப்ப யார் யார் அதைப் பிடிச்சிருக்காங்கன்னு காட்டு."

ஒரு கையை, நொதியைக் கட்டியிருக்கும் அமினோ அமிலங்களில் மூன்று ஆர்ஜினின்கள் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தன. எதிர்க்கையின் பக்கத்தில் டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலம், இதுவரை எட்டி நிற்பதாக நினைத்திருந்தது, நிமிர்ந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் மிர்தா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"திருடப் போற சர்க்கரைக்கும் இதே மாதிரி ஒரு புளிப்பு வால் இருக்கு. அதை இந்த மூணும்தான் பிடிக்கும். அப்படீன்னா டைரோசின்..."

"டைரோசின்தான் கை வைக்குது" என்றாள் நேலிதா. "நடுவுல தண்ணி வந்து செய்யுதுன்னு நினைச்சோம், இல்ல. அதுவே நேரா கை வைக்குது."

பஸிலியோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நொதி திருடுகிறது என்று ஐந்து வருஷமாகக் கேட்டிருக்கிறார். எப்படி என்று இன்றுதான் கண்ணால் பார்க்கிறார்.

"37-ம் நம்பர் பஸ்ல ஜேப்படிக்காரனுங்க வருவானுங்கல்ல, அது மாதிரியா?" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மூணு பேர் சுத்தி நின்னு நெருக்குவானுங்க, நம்மால அசைய முடியாது. நாலாவது ஆள் பர்ஸை எடுப்பான். எடுத்ததைத் தன் பாக்கெட்டுல போட மாட்டான், மாட்டிக்குவான்ல. கையிலயே வச்சிருந்து, பின்னாடி வர்ற கூட்டாளிகிட்ட தள்ளிடுவான். அந்தக் கூட்டாளிதான் ஒட்டுண்ணி."

ஓஸ்வால்தோ மேஜையைத் தட்டினான். "பெரிசு, உங்களுக்கு இந்தத் தொழில் எப்படி இவ்வளவு நல்லாத் தெரியும்?"

"ரெண்டு பர்ஸ் போயிருக்குடா."

நேலிதா சிரிக்கவில்லை. "கையில வச்சிருக்கான் பாருங்க, அந்த ஒரு நிமிஷம். யாரும் நேர்ல பார்த்ததில்ல. அதைப் படம் பிடிச்சா கையும் களவுமாப் பிடிச்ச மாதிரி. அப்புறம் அந்தக் கையை எப்படிக் கட்டறதுன்னு தெரிஞ்சிடும்."

டாக்டர் மிர்தா கட்டுரையை அனுப்பவில்லை. நாற்பத்தொன்றை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மொந்தெவிதேயோவுக்கும் ரியோவுக்கும் தம் கையாலேயே கடிதம் எழுதினார். அதில் எலுமிச்சையையும் எழுதினார், பழைய வில்லையையும் எழுதினார். எதையும் மறைக்கவில்லை.

அந்த மாதம் பஸிலியோ வேலையில் குறைவு வைக்கவில்லை, ஆனால் குளிர் அறைப் பக்கம் போவதைத் தவிர்த்தார். இனி அங்கே அவருக்கு என்ன வேலை? கடையில் வாங்கிய சிட்ரிக் அமிலத்தை நிறுத்துக் கரைத்து, நான்கு அளவுகளில் வைத்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் மிர்தா உத்தரவு போட்டிருந்தார். யார் வைப்பது என்றபோது, "குண்டன் வைக்கட்டும். இந்த லேப்லயே ரொம்ப மோசமான கை அவனோடது. அவனுக்கு வந்தா எவனுக்கும் வரும்" என்றார் பஸிலியோ.

"நன்றி பெரிசு. மனசு குளிர்ந்துச்சு."

"உண்மையைத்தான்டா சொன்னேன்."

பதினோராம் நாள் குளிர் அறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. ஏதோ விழுந்து உடைந்துவிட்டது என்று பஸிலியோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓஸ்வால்தோ நுண்ணோக்கியின் முன்னால் குனிந்து நின்றான். விலகி இடம்விட்டான்.

மூன்றாவது அளவு. இருபத்து நான்கில் இருபத்தொன்று. பஸிலியோவின் தட்டுகளில் என்றும் வராத அளவுக்குப் பெரியவை. விளிம்புகள் வெட்டி எடுத்தாற்போல் இருந்தன. அவர் குனிந்தபடியே இருந்தார். மார்புக்குள் எதிர்பார்த்த வலி வரவில்லை. வந்தது வேறு. இந்தப் படிகத்தை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஒரு வரிசை மனதில் ஓட ஆரம்பித்தது. ஐந்து வருஷமாக அந்த வரிசை ஓடியதில்லை. கைராசி என்று நினைத்திருந்தவரை, ஒன்றை மாற்றினால் எல்லாம் போய்விடுமோ என்ற பயம்தான் ஓடியது.

"குண்டா, உன் கையிலயா!"

"என் கையிலதான். பார்த்துக்குங்க. இனிமே நானும் மத்தியானம் தூங்கப் போறேன்."

அடுத்த வியாழன் அவர் கூட்டத்தில் பேசினார். எலுமிச்சைப் புளிப்பை ஊட்டிப் படிகம் வளர்க்கலாம். வளர்ந்தபின் அதை வெற்று நீரில் கழுவிப் புளிப்பை வெளியேற்றலாம், நொதியின் வாய் காலியாகும். அதன் பிறகு சர்க்கரையில் தோய்த்து, சரியான நொடியில் திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைத்தால் திருடன் அப்படியே நிற்பான்.

"சரியான நொடின்னா எத்தனை?" என்றார் டாக்டர் மிர்தா.

"தெரியாது. அஞ்சு, பத்து, இருபது, நாற்பது, எண்பது. எல்லாத்தையும் வைக்கிறேன். எல்லாத்தையும் எழுதுறேன்."

"கழுவும்போது படிகம் வெடிச்சிடாதா?"

"கொஞ்சம் கொஞ்சமாக் கழுவினா வெடிக்காது. கழுவுறது எனக்குத் தெரியும் டாக்டரம்மா. இருபத்தேழு வருஷமா அதைத்தான் செய்றேன்."

பதினான்கு மாதம் பிடித்தது. வெடித்த படிகங்களே இருநூற்றுக்கு மேல். நோட்டு மூன்று நிரம்பியது. நாற்பது நொடி தோய்த்த படிகம் ஒன்றுக்குக் கம்பினாஸிலிருந்து வந்த புள்ளிகளை நேலிதா கணக்கிட்டு முடித்த பிற்பகலில், அவர் கழுவும் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திரையில் மூன்று ஆர்ஜினின்களும் நெருக்கிப் பிடித்திருந்தன. டைரோசினோடு ஒட்டிக்கொண்டு, ஒரே நீல வலைக்குள், திருடிய சர்க்கரை இருந்தது. டாக்டர் மிர்தாவும் ஓஸ்வால்தோவும் பின்னால் நின்றார்கள்.

பஸிலியோ திரைக்கு அருகே குனிந்து, டைரோசினுக்கும் சர்க்கரைக்கும் நடுவே இருந்த அந்தச் சின்னக் கோட்டில் விரலை வைத்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆலை வாசலில் அவரைத் திருப்பி அனுப்பவைத்தது அந்தத் திருட்டுதான்.

"இதையா கட்டணும்?" என்றார்.

"இதைத்தான்" என்றாள் நேலிதா.

"எத்தனை வருஷம் ஆகும்?"

"பத்து. பதினஞ்சும் ஆகலாம்."

"சரி. புதுசா என்ன செய்றீங்களோ, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை படிகம் வேணும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் நோட்டின் புதிய பக்கத்தைப் பிரித்துத் தேதி போட்டார்.